மூன்றாவது கட்சிக்குப் போடுவதா, பெரிய கட்சிக்குப் போடுவதா: தொகுதிக் கணக்கு பார்க்கும் விதம்

எங்கள் ராதாபுரம் தொகுதியில் 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. இன்பதுரை வாங்கிய ஓட்டு 69,590. தி.மு.க. அப்பாவு வாங்கியது 69,541. வித்தியாசம் 49. வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் காலை நேரத்து டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போகிற கூட்டம்கூட அதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்த இரண்டு சின்னத்தையும் விட்டுவிட்டு வேறு எதையாவது அழுத்தினேன் என்று எங்கள் பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால், “அந்த 49 பேர்ல நீயும் ஒருத்தனால?” என்று கேட்க இன்னும் ஆள் இருக்கிறது.

நான் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தேர்தல் டியூட்டியில் பூத் தலைமை அலுவலராகப் பல ஊர்ப் பள்ளிக்கூடங்களில் உட்கார்ந்திருக்கிறேன். தேர்தல் நெருங்கினால் பழைய மாணவர்கள் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “டீச்சர், எனக்குப் பிடிச்ச கட்சி செயிக்காது. செயிக்கித கட்சி எனக்குப் பிடிக்கல. என்ன செய்யச் சொல்லுதீய?”

எந்தக் கட்சி என்று நான் வாய் திறப்பதில்லை. எப்படிக் கணக்குப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று மட்டும் சொல்லுவேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு 2024 வரை நடந்து முடிந்த தேர்தல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சூடு ஆறாத தேர்தலைத் தொட்டால் படிக்கிறவர்கள் பாதியிலேயே சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

“வீண்” என்று சொல்கிறவரிடம் தொகுதியைக் கேளுங்கள்

நம் ஊர்த் தேர்தலில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மற்றவர்களைவிட ஒரு ஓட்டு கூட வாங்கினால் போதும். 1989-இல் எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு அ.தி.மு.க. ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று இரண்டாகக் கிடந்தது. மூப்பனார் தலைமையில் காங்கிரஸ் தனியாக நின்று கிட்டத்தட்ட 20 சதவீதம் வாங்கியது. நான்கு முனைப் போட்டி. தி.மு.க. வாங்கியது சுமார் 33 சதவீதம்தான். கையில் வந்தது 150 இடம். காங்கிரஸுக்குக் கிடைத்தது 26. மூன்றில் ஒரு பங்கு ஓட்டில் தனிப் பெரும்பான்மை வந்தது, எதிரே இருந்தவர்கள் பிரிந்து கிடந்ததால்.

இதைக் காட்டித்தான் பெரிய கட்சிக்காரர்கள் பயமுறுத்துவார்கள். “மூணாவது ஆளுக்குப் போட்டா உனக்குப் பிடிக்காதவன் உள்ள வந்துருவான்.” இது சில தொகுதிகளில் உண்மை, சில தொகுதிகளில் சுத்தப் பொய். 2021-இல் திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் ஐ. பெரியசாமி 1,35,571 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அங்கே நீங்களும் உங்கள் தெருவும் உங்கள் சொந்தபந்தம் அத்தனை பேரும் மூன்றாவது கட்சிக்குப் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதே தேர்தலில் சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் 137. அங்கே மக்கள் நீதி மய்யமும் நாம் தமிழர் கட்சியும் வாங்கியது அந்த வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு. ஒரே மாநிலம், ஒரே நாள், ஒரே மாதிரி மெஷின். ஆத்தூர்க்காரருக்குச் சொல்லும் அறிவுரையை தி.நகர்க்காரருக்குச் சொல்ல முடியாது.

அதனால் டி.வி.யில் வருகிற மாநில அளவுக் கருத்துக்கணிப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் ஓட்டு மாநிலத்துக்குள் விழுவதில்லை, உங்கள் தொகுதிக்குள் விழுகிறது.

படிவம் 20

இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் “அப்படி ஒண்ணு இருக்கா” என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் ஒரு முடிவுத் தாள் தயார் செய்வார். அதற்குப் பெயர் படிவம் 20. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாகக் கிடக்கும். இறக்கிப் பாருங்கள். இடது ஓரத்தில் பூத் எண்; மேலே வேட்பாளர்கள் பெயர்; ஒவ்வொரு வரியிலும் அந்த பூத்தில் யாருக்கு எத்தனை. கடைசிப் பக்கத்தில் தபால் ஓட்டும் மொத்தமும். நோட்டாவுக்கும் ஒரு கட்டம் உண்டு.

அதிலிருந்து ஒரு வெள்ளைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். முதல் இரண்டு இடத்தில் வந்தவர்கள் யார், அவர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு, மூன்றாமவர் எவ்வளவு. கடந்த சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு முறை, அதற்கு முந்தினதற்கு ஒரு முறை எழுதுங்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கும் சட்டமன்றத் தொகுதிவாரியாகக் கணக்கு இருக்கிறது. அதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் போட வேண்டாம். டெல்லிக்கு ஒரு மாதிரியும் கோட்டைக்கு ஒரு மாதிரியும் போடுவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை.

பூத் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். வாக்காளர் கூடினால் பூத்தைப் பிரிப்பார்கள், எண் மாறிப்போகும். பள்ளிக்கூடத்தின் பெயர், கட்டடம் கிழக்குப் பார்த்ததா மேற்குப் பார்த்ததா, எந்தத் தெருக்கள் என்று வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்கும். அதை வைத்துத்தான் பழைய பூத்தையும் புது பூத்தையும் பொருத்த வேண்டும்.

உங்கள் சொந்த பூத்தைப் பார்க்கும்போது ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். “நம்ம ஊரில் அந்தக் கட்சிக்கு ஆளே கிடையாது” என்று நீங்கள் நினைத்திருந்த கட்சிக்கு அறுபது ஓட்டு விழுந்திருக்கும். அல்லது திரும்பின பக்கமெல்லாம் கொடி பறந்த கட்சிக்கு ஏழு. கொடியை எண்ணி ஓட்டைக் கணிக்கிறவர்களுக்கு இந்தத் தாளைக் காட்ட வேண்டும்.

மூன்றாவது யார் என்பதை மாநிலம் சொல்லாது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தப்பு நடப்பது இங்கேதான்.

2021-இல் கோவை தெற்கு. பா.ஜ.க.வின் வானதி சீனிவாசன் 53,209. மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் 51,481. தி.மு.க. கூட்டணியில் நின்ற காங்கிரஸ் வேட்பாளர் 42,383. மாநிலத்தை எடுத்துக்கொண்டால் மய்யம் இரண்டரை சதவீதக் கட்சி. தி.மு.க. கூட்டணி ஆட்சியையே பிடித்தது. ஆனால் அந்த ஒரு தொகுதியில் மூன்றாவது ஆள் யார்? பெரிய கூட்டணியின் வேட்பாளர்தான். பா.ஜ.க. வரக்கூடாது, அதற்காகவே பெரிய கூட்டணிக்குப் போடுகிறேன் என்று அங்கே நினைத்துப் போட்டவர்களின் ஓட்டு, அவர்கள் நினைத்த வேலையைச் செய்யவில்லை. வித்தியாசம் 1,728.

2016-இல் காட்டுமன்னார்கோவில் இன்னும் நெருக்கம். மக்கள் நலக் கூட்டணி மாநிலம் முழுக்க ஒரு இடம்கூட வாங்கவில்லை. மூன்றாவது அணி என்றால் இப்படித்தான் என்று இன்றைக்கும் சிரிக்கிறார்கள். ஆனால் அங்கே அந்த அணியில் நின்ற விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் திருமாவளவன் அ.தி.மு.க.வின் முருகுமாறனிடம் தோற்றது 87 ஓட்டில். தி.மு.க. கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளர் அவருக்கும் பின்னால். “ஓட்டைப் பிரித்தது யார்” என்று கேட்டால் அந்தத் தொகுதியில் பதில் தலைகீழ்.

உங்கள் தொகுதியில் கூட்டணி மாறியிருக்கிறதா, வேட்பாளர் உள்ளூர்க்காரரா, போன முறை சுயேச்சையாக நின்று ஓட்டு வாங்கினவர் இப்போது யார் பக்கம் என்றெல்லாம் இந்தத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். டீக்கடையில் இரண்டு கட்சிக்காரரிடம் தனித்தனியாகப் பேசி, இரண்டு பேரும் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று கேட்டாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

உங்கள் ஓட்டுக்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள்?

கணக்குத் தாள் கைக்கு வந்த பிறகு இந்தக் கேள்வி. ஒரு ஓட்டால் ஒருவரை உள்ளே அனுப்பலாம். ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கலாம். இன்றைக்கு ஜெயிக்க முடியாத ஒரு கட்சியை அடுத்த தேர்தலுக்கு வளர்த்துவிடலாம். மூன்றையும் ஒரே ஓட்டில் செய்ய முடிகிற தொகுதி அபூர்வம். எதற்குப் போடுகிறோம் என்று முதலிலேயே தெளிவாக இருந்தால், முடிவு வந்த அன்றைக்கு வருத்தப்பட வேண்டி இருக்காது.

போன இரண்டு தேர்தலிலும் வித்தியாசம் ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் இருந்து, முதல் இரண்டு பேரில் ஒருவர் வரவே கூடாது என்று உங்களுக்கு உறுதியாக இருந்தால், அவரைத் தோற்கடிக்கக்கூடியவருக்குப் போடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அது பெரிய கட்சியாக இருந்தாலும் சரி. அதைக் கோழைத்தனம் என்று பேசுகிற இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். தடுப்பதும் ஓட்டின் வேலைதான்.

வித்தியாசம் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று இருந்தால் உங்களுக்கு விடுதலை. மனசுக்குப் பிடித்தவருக்குப் போடுங்கள். 2024-இல் திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியில் சசிகாந்த் செந்தில் ஐந்து லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வந்தார். அந்த மாதிரித் தொகுதியில் ஒருவர் வந்து “வீணாக்காதே” என்றால், “எதை?” என்று திருப்பிக் கேளுங்கள்.

இரண்டு பேருமே உங்களுக்கு ஒன்றுதான், யார் வந்தாலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், வித்தியாசம் 49 ஆக இருந்தாலும் நீங்கள் மூன்றாமவருக்குப் போடலாம். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் அடிக்க வருவார்கள். ஆனால் அந்த 49-ஐ மற்ற வேட்பாளர்களுக்குப் போட்டவர்கள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை என்றுதான் நான் இன்றும் சொல்கிறேன். தோற்ற கட்சிக்கு அந்த ஓட்டுகள் ஏற்கனவே சொந்தமாக இருந்ததா என்ன? மூன்றாமவர் நிற்கவில்லை என்றால் அவர்களில் பாதிப் பேர் பூத்துக்கே வந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 2016 ராதாபுரம் தேர்தலில் 203 தபால் ஓட்டுகளை எண்ணாமல் தள்ளினார்கள். காரணம், உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் போட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்கள் கெசட்டட் அதிகாரி இல்லை என்பது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், 2019-இல் தலைமையாசிரியர் கையெழுத்து செல்லும் என்று சொல்லி, தபால் ஓட்டையும் கடைசி மூன்று சுற்றையும் மறுபடி எண்ணச் சொன்னார்கள். எண்ணவும் செய்தார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் அதே அப்பாவு ஜெயித்து சபாநாயகர் ஆனார். 49-ஐவிட 203 பெரிய எண். ஆனால் ஊரில் ஏச்சு விழுவது என்னவோ மூன்றாமவருக்குப் போட்ட அப்பாவிகளுக்குத்தான். (நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்து செல்லாதாம். முப்பது வருஷம் டி.சி.யில் அந்தக் கையெழுத்தை வைத்துத்தானே பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடம் போனார்கள்.)

வளர்க்கிற ஓட்டுக்கும் நிஜமான பலன் உண்டு. ஒரு கட்சிக்கு மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைக்கப் பல வழி இருக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் 6 சதவீத ஓட்டும் இரண்டு எம்.எல்.ஏ.வும் என்பது ஒரு வழி. இடமே இல்லாவிட்டாலும் 8 சதவீத ஓட்டு இருந்தால் போதும் என்பது இன்னொன்று. நாம் தமிழர் கட்சி 2016-இல் சுமார் 1 சதவீதம், 2019-இல் 4-க்குக் கொஞ்சம் கீழே, 2021-இல் ஆறரைக்கு மேல், 2024-இல் 8-ஐத் தாண்டியது. ஒரு எம்.எல்.ஏ., எம்.பி. இல்லாமலே அங்கீகாரம் வந்துவிட்டது. அங்கீகாரம் வந்தால் நிரந்தரச் சின்னம், வேட்புமனுவில் முன்மொழியப் பத்துப் பேருக்குப் பதில் ஒருவர், வானொலியிலும் தூர்தர்ஷனிலும் பேச நேரம். இதெல்லாம் தோற்ற தொகுதிகளில் விழுந்த ஓட்டால் வந்ததுதான். இன்றைக்குப் பெரிய கட்சியாக இருக்கிறவர்களும் இப்படி வளர்ந்தவர்களே. தி.மு.க. 1957-இல் முதல்முறை நின்றபோது காங்கிரஸுக்கு முன்னால் ஒரு கைப்பிடி இடம்தான், 1962-இல் 50, 1967-இல் ஆட்சி. 1972-இல் ஆரம்பித்த அ.தி.மு.க. 1973-இல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவரை ஜெயிக்க வைத்தது, 1977-இல் கோட்டைக்குப் போனது.

பூத் ஏஜெண்ட் வருகிறாரா என்று பாருங்கள்

மூன்றாவது கட்சி என்று ஒன்றை மனசில் வைத்துவிட்டீர்கள் என்றால், அதை உரசிப் பார்க்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. கொள்கை அறிக்கையைப் படிப்பதைவிட இது எளிது.

வாக்குப்பதிவு காலை ஏழு மணிக்கு. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு. ஏஜெண்டுகள் முன்னிலையில் குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, மெஷினைத் துடைத்து, சீல் வைக்க வேண்டும். இருட்டு விலகாத நேரத்தில் அந்த வகுப்பறைக்கு வந்து நிற்கிறவர்கள் யார் என்று தலைமை அலுவலருக்குத் தெரியும். பெரிய கட்சி ஏஜெண்டுகள் வாக்காளர் பட்டியல், ஸ்கேல், சிவப்புப் பேனா, பிளாஸ்க்கில் காபி என்று குடித்தனம் நடத்த வந்த மாதிரி வருவார்கள். அவர்களுக்குத் தெருவில் உள்ள ஒவ்வொரு தலையும் தெரியும். “இந்த அம்மா போன மாசமே தவறிட்டாங்க மேடம்” என்று சொல்லி, செத்தவர் பெயரில் ஓட்டு விழாமல் தடுத்தவரும் அவர்களில் ஒருவர்தான். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் மதியம் ஒரே பொட்டலத்தில் புளியோதரை தின்பதையும் பார்த்திருக்கிறேன்; அது வேறு கதை.

மூன்றாவது கட்சிகளின் நாற்காலி பல பூத்துகளில் காலியாகவே இருக்கும். சில நேரம் ஒரு பையன் ஒன்பது மணிக்கு மூச்சிரைக்க வந்து, நியமனப் படிவத்தை மறந்துவிட்டு மறுபடி ஓடுவான். ஆனால் ஒரு முறை ஒரு சின்னக் கட்சிக்கு ஒரு பெண் பிள்ளை வந்தாள். ஐந்தரைக்கு முன்பே வாசலில் நின்றாள். மாதிரி ஓட்டை விரல் விட்டு எண்ணினாள். சாயங்காலம் வாக்குப்பதிவு முடிந்து கதவு சாத்தும்போது, பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் படிவம் 17சி நகலை என்னிடம் கேட்டு வாங்கி, மெஷினில் காட்டிய மொத்தத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். பெரிய கட்சிக்காரர்கள் அதற்குள் பட்டாசு வாங்கப் போயாயிற்று. அந்தக் கட்சிக்கு அந்த பூத்தில் விழுந்த ஓட்டு சொற்பம். ஆனால் அது ஒரு கட்சி என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

நீங்கள் பூத்துக்குள் உட்கார்ந்து பார்க்க முடியாது. வேறு விதமாக விசாரிக்கலாம். உங்கள் தெருவுக்கு அந்தக் கட்சியின் பொறுப்பாளர் யார்? குடிதண்ணீர்க் குழாய் உடைந்தபோது அவர் பஞ்சாயத்து ஆபீஸில் நின்றாரா? 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் வார்டில் ஆள் நிறுத்தினார்களா? கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, அதனால் அங்கே ஆளின் முகம்தான் தெரியும். சட்டமன்றத் தேர்தலுக்கு மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வருகிற தலைவரை வைத்து, கீழே யாரும் இல்லாமல் நடக்கிற கட்சி என்றால், அதற்கு உங்கள் ஓட்டு கோபத்தைக் காட்ட உதவும், வளர்க்க உதவாது. கோபத்தைக் காட்டுவது தப்பு இல்லை, தெரிந்து காட்டுங்கள்.

ஓட்டு அங்கேயே இருக்குமா?

மூன்றாவது கட்சிக்குப் போடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. தே.மு.தி.க. 2006-இல் தனியாக நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியது. ஜெயித்தது விருத்தாசலத்தில் விஜயகாந்த் ஒருவர்தான். 2009 நாடாளுமன்றத் தேர்தலில் பத்து சதவீதம். இரண்டு பேருக்கும் மாற்று என்று நம்பிப் போட்ட ஓட்டு அது. 2011-இல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து 29 இடம் வாங்கி எதிர்க்கட்சி ஆனது. 2016-இல் மூன்றாவது அணிக்குத் தலைமை தாங்கியபோது 2.4 சதவீதம், பூஜ்யம் இடம், விஜயகாந்தும் உளுந்தூர்பேட்டையில் தோற்றார். பா.ம.க. 2016-இல் தனியாக நின்று ஐந்து சதவீதத்துக்கு மேல் வாங்கி ஒரு இடமும் கிடைக்காமல், 2019-இல் அ.தி.மு.க.வோடும் 2024-இல் பா.ஜ.க.வோடும் நின்றது. மய்யம் 2024-இல் நிற்கவே இல்லை, தி.மு.க. கூட்டணிக்கு ஆதரவு கொடுத்தது.

கூட்டணி சேருவது துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக நின்று எத்தனை தேர்தல் டெபாசிட் போய்க்கொண்டிருக்க முடியும்? மொத்த செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கவில்லை என்றால் சட்டமன்ற வேட்பாளருக்குப் பத்தாயிரம் (தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றால் அதில் பாதி) காலி. 234 தொகுதிக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் “இரண்டு பேரும் வேண்டாம்” என்பதற்காகவே ஒரு கட்சிக்குப் போட்டால், அடுத்த தேர்தலில் அந்த இருவரில் ஒருவரின் மேடையில் அவர்கள் நிற்கக்கூடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் இதற்கு முன் என்ன செய்திருக்கிறார் என்பதுதான் ஜாமீன்; மேடையில் செய்யும் சத்தியம் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. சின்னக் கட்சி பெரிய கூட்டணிக்குள் இருந்து உங்கள் தொகுதியில் நின்றால், உங்கள் சங்கடம் பாதி தீர்ந்த மாதிரித் தெரியும். அப்போது சின்னத்தைப் பாருங்கள். 2021-இல் ம.தி.மு.க. வேட்பாளர்கள் உதயசூரியனில் நின்றார்கள். பெரிய கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் சட்டமன்றக் கணக்கில் பெரிய கட்சிக்காரர். கொறடா சொன்னால் கேட்க வேண்டும். 2019-இல் தி.மு.க. கூட்டணியில் இருந்தும் திருமாவளவன் சிதம்பரத்தில் தனிச் சின்னமாகப் பானையில் நின்று 3,219 ஓட்டில்தான் கரையேறினார். உதயசூரியனில் நின்றிருந்தால் பாடு இவ்வளவு பட்டிருக்க வேண்டாம் என்று அப்போது பேசாதவர்கள் இல்லை. அதே கட்சியின் ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் சுலபமாக ஜெயித்தார். சொந்தச் சின்னத்துக்கு விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுக்கிற கட்சிக்கு என் மனசில் ஒரு மார்க் கூடுதல்.

பெரிய கட்சிக்கே போடுவது என்று முடிவானால்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்சியைப் பார்த்துப் போடுகிறோம் என்று ஆளைப் பார்க்காமல் விட வேண்டாம். வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். போன முறை நின்றவர் என்றால் இரண்டு பிரமாணப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அஞ்சு வருஷத்தில் சொத்து எப்படி வளர்ந்தது என்று தெரியும். வளர்ந்த வேகத்தைப் பார்த்து மனசு மாறினவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். கவர் வாங்கினோமே, மாற்றிப் போட்டால் பாவமா என்று கேட்கிற ஆச்சிமார் உண்டு. வாங்குவதே குற்றம், ஆனால் வாங்கினதற்காகப் போட வேண்டும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை என்பேன்.

நோட்டாவைப் பற்றியும் கேட்பார்கள். நோட்டா எத்தனை விழுந்தாலும் வேட்பாளர்களுக்குள் அதிகம் வாங்கியவர்தான் ஜெயித்தவர். அங்கீகாரக் கணக்கில் எந்தக் கட்சிக்கும் அது சேராது. யாரும் வேண்டாம் என்று பதிவு செய்ய அது போதும். மாற்று வேண்டும் என்று நினைக்கிறவர் ஒரு கட்சிக்குப் போடுவதே மேல்.

கடைசி இரண்டு வாரம்

மனு வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வருகிற வரைக்கும் எதையும் முடிவு செய்யாதீர்கள். அதற்குள் கூட்டணி மாறும், வேட்பாளர் மாறுவார், போன முறை பத்தாயிரம் வாங்கின சுயேச்சை மனுவைத் திரும்ப எடுப்பார். பட்டியல் வந்ததும் உங்கள் வெள்ளைத் தாளை எடுத்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதுப் பெயர்களை எழுதுங்கள்.

மூன்றாவது கட்சி என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். அங்கீகாரம் இல்லாத கட்சிக்குச் சின்னம் தேர்தலுக்குத் தேர்தல் மாறலாம். நாம் தமிழர் 2019-லும் 2021-லும் கரும்பு விவசாயி. 2024-இல் அந்தச் சின்னம் வேறு கட்சிக்குப் போய், இவர்களுக்கு மைக் வந்தது. கட்சி பெயரைவிடச் சின்னத்தைத்தான் நம் ஆட்கள் மனசில் வைத்திருப்பார்கள். பெயரை மட்டும் நம்பவும் முடியாது. 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழத்தில் நின்றபோது அதே பெயரில் இன்னும் சிலர் மெஷினில் இருந்தார்கள். பெயர், போட்டோ, சின்னம் மூன்றையும் பாருங்கள். மெஷினில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள் மேலே, பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அதற்குக் கீழே, சுயேச்சைகள் கடைசியில், நோட்டா அடியில். நீங்கள் தேடுகிறவர் மேலே இருக்க வேண்டியது இல்லை. நோட்டாவையும் சேர்த்துப் பதினாறுக்கு மேல் போனால் இரண்டாவது மெஷினிலும் இருக்கலாம்.

வீட்டில் வயசானவர்கள் இருந்தால், மாறின சின்னத்தைப் பேப்பரில் காட்டி இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள். பொத்தானை அழுத்தினதும் ஓடி வரச் சொல்லாதீர்கள். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு விநாடி தெரியும். தான் போட்ட சின்னம்தானா என்று பார்த்துவிட்டு வரட்டும், பின்னால் வரிசையில் நிற்கிறவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.